எதுவும் கேட்காத மாப்பிள்ளை வீட்டார்

மாப்பிள்ளை வீட்டார் வந்த வேன் தெருமுனை திரும்பிய பிறகும் எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

நான் காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா தட்டில் மிச்சமிருந்த லட்டுகளை டப்பாவுக்கு மாற்றினாள். என் கணவர் தங்கராஜ், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். பின்தெருவில் விசைத்தறிகள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் எங்களுக்கு எப்போதும் காதில் விழாது. அன்று விழுந்தது.

"ஒண்ணுமே கேக்கலியே அவிய" என்றாள் அம்மா, கடைசியில்.

உண்மைதான். நகை எவ்வளவு என்று நாங்களாகவே பேச்செடுத்தபோது, "உங்க பொண்ணுக்கு நீங்க போடுறது உங்க இஷ்டம்" என்றார்கள். கல்யாணச் செலவில் பாதி தங்களுடையது என்றார்கள். பெண் வேலைக்குப் போகலாமா? போகட்டும். ராத்திரி டியூட்டி உண்டே? இருந்தால் என்ன! கல்யாணத்துக்குப் பிறகு சங்கரன்கோவிலிலேயே வீடு பார்த்துக்கொள்ளலாம், பெண் அம்மாவுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்றும் அவர்களே சொன்னார்கள்.

கல்யாணப் பெண்ணான என் தங்கை பியூலா, பட்டுச் சேலையை மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள். எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள்.

"என்னத்துக்கு எல்லாரும் எழவு வீடு மாதிரி இருக்கிய?" என்று கேட்டுவிட்டு, டப்பாவைத் திறந்து ஒரு லட்டை எடுத்துக் கடித்தாள்.

அவளுடைய வேலை

பியூலா ஆம்புலன்ஸில் டெக்னீஷியன். வண்டி ஓட்டுகிறவர் ஒருவர், பின்னால் நோயாளியோடு உட்கார்ந்து முதலுதவி செய்கிறவர் ஒருவர். அந்த இரண்டாவது ஆள் இவள். விபத்து, பாம்புக்கடி, பூச்சிமருந்து, பிரசவம். குருவிகுளம் பக்கத்துக் கரிசல் பாதையில் வண்டியை ஓரமாக நிறுத்தி, அவள் கையிலேயே பிறந்த குழந்தைகள் உண்டு.

வெளியில் இதைச் சொன்னால் எல்லோரும் பாராட்டுவார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் மட்டும் பாராட்டிவிட்டுப் போய், பிறகு பதிலே சொல்ல மாட்டார்கள். ஒரு வீட்டில் வேலையை விடச் சொன்னார்கள். இன்னொரு வீட்டில் மாப்பிள்ளையின் மாமா, "ராத்திரி பூரா டிரைவரோட தனியாவா போவா?" என்று என் கணவரிடம் காதோடு காதாகக் கேட்டார். முப்பதைத் தாண்டியபின் வருகிற இடங்களும் குறைந்தன. அப்பா இல்லாத வீடு. அம்மா ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் உபதேசியாரைத் தேடிப் போய், "எங்க பொண்ண ஞாபகம் வச்சுக்கிடுங்க" என்பாள். எங்கள் சபையில் போதகருக்கு அடுத்தபடி எல்லா வீட்டு வாசலும் தெரிந்தவர் அவர்தான்.

அவர் கொண்டுவந்த இடம்தான் ஐசக். இளையரசனேந்தல் பக்கத்துப் பையன். டிப்ளமோ படித்துவிட்டுக் காற்றாலையில் வேலை. எங்கள் பக்கத்தில் அதைக் காத்தாடி என்றுதான் சொல்வோம். அந்த உயரமான கோபுரத்துக்கு உள்ளேயே ஏணியில் ஏறி, உச்சியில் இருக்கும் இயந்திரத்தைப் பழுது பார்க்கிற வேலை. நல்ல சம்பளம். குடிப் பழக்கம் இல்லை. அப்பா காலமாகிவிட்டார். அம்மா எமிலி, கல்யாணமான ஓர் அக்கா, அவ்வளவுதான் குடும்பம்.

பையன் பார்க்கவும் லட்சணமாக இருந்தான். அதிகம் பேசவில்லை. பியூலாவைப் பார்த்து ஒரே ஒரு முறை சிரித்தான். அதில் ஒரு நன்றி தெரிந்தது போல எனக்குப் பட்டது. பெண் பார்க்க வந்தவன் எதற்கு நன்றியோடு சிரிக்க வேண்டும் என்று அப்போது யோசித்தேன். பிறகு மறந்துபோனேன்.

நூலில் கட்டிய மாதுளை

சந்தேகப்படுவது எங்கள் குடும்பத்தில் அப்பாவோடு தொடங்கியது. அதற்கு ஒரு கதை உண்டு.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஓர் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் ஒருவன் மாதுளைக் கன்றுகள் விற்றான். முழங்கால் உயரக் கன்று. ஒவ்வொன்றிலும் சிவப்பாக இரண்டு பழங்கள் தொங்கின. இப்போதே காய்க்கிறது என்றால் நட்டபின் எப்படிக் காய்க்கும் என்று அப்பாவுக்கு ஆசை. வாங்கி, கூட்டத்தில் யாரும் இடித்துவிடாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் ஆட்கள் விலை விசாரித்தார்கள்.

மூன்றாம் நாள் பழங்கள் சுருங்கின. அப்பா தொட்டுப் பார்த்தார். பச்சை நூலால் காம்போடு காம்பாகச் சேர்த்துக் கட்டியிருந்தது. கன்று மாதுளைக் கன்றே இல்லை. வேலியோரத்தில் தானாக முளைக்கிற ஏதோ ஒரு செடி.

அப்பா அந்தச் செடியைப் பிடுங்கி எறியவில்லை. அது பாட்டுக்கு வளர்ந்தது. ஆனால் அதன்பின் எங்கள் வீட்டுக்கு எந்த நல்ல சேதி வந்தாலும், அப்பா முதலில் கேட்பது, "நூல் எங்க இருக்குன்னு பாத்தாச்சா?" என்பதுதான்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு வாக்கியம்

நான் இங்கே ஒரு பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். பெண் பார்த்துவிட்டுப் போன அடுத்த வாரம் ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலச் சொல்வழக்குகள் பாடம். 'டூ குட் டு பி ட்ரூ' என்று கரும்பலகையில் எழுதினேன். ஒன்று நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருக்கிறது, அதனாலேயே எங்கோ இடிக்கிறது என்று நாம் நினைக்கும்போது சொல்வது என விளக்கினேன். ஆளுக்கொரு வாக்கியம் அமைக்கச் சொன்னேன்.

குருவிகுளம் பக்கத்திலிருந்து வருகிற ஒரு சின்னப் பெண் எழுந்தாள்.

"மிஸ், எங்க ஊரு பஸ் சரியான டயத்துக்கு வந்துச்சு. இட் வாஸ் டூ குட் டு பி ட்ரூ."

"நல்ல வாக்கியம். ஏன் அப்படி?"

"அது வேற ஊருக்குப் போற பஸ் மிஸ்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் மணி அடித்து, ஆசிரியர் அறைக்கு வந்து உட்கார்ந்த பிறகும் அந்த பஸ் மனதை விட்டுப் போகவில்லை. எங்கள் வாசலில் வந்து நிற்பது எந்த ஊருக்குப் போகிற பஸ்?

விசாரணை

என் கணவர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பைக் உதிரிபாகங்கள் விற்கும் கடை வைத்திருக்கிறார். ஒருநாள் கடையை மதியத்தோடு சாத்திவிட்டு, இளையரசனேந்தல் பக்கம் போய் வந்தார். டீக்கடை, மாவு மில், சர்ச் வாசல் என்று பொதுவாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்.

திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்: "எல்லாரும் நல்ல பையன்னுதான் சொல்லுதாங்க."

"பெறகென்ன?" என்றாள் அம்மா.

"அதுக்கு மேல ஒருத்தனும் ஒரு வார்த்த பேச மாட்டேங்கான். சும்மா ஒருத்தனப் பத்திக் கேட்டா, அவன் பாட்டன் வரைக்கும் கத சொல்லுவாங்க. இவனப் பத்திக் கேட்டா, நல்ல பையன், அவ்வளவுதான். டீய ஆத்தப் போயிருதான்."

வேறு எதுவும் அகப்படவில்லை. முதல் கல்யாணம், கடன், கோர்ட்டு, ஒன்றும் இல்லை. அம்மா சந்தோஷப்படத் தொடங்கினாள். உபதேசியாருக்குத் தகவல் போனது. நிச்சயம் நடந்தது. இரண்டு சபைகளிலும் அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை வாசிப்பதாக ஏற்பாடு. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை சொல்கிறவர்கள் சொல்லலாம் என்று ஆலயத்தில் அறிவிப்பதைத்தான் ஓலை என்போம்.

ஜவுளிக் கடையில்

அந்த ஞாயிற்றுக்கு முந்தைய வாரத்தில் சேலை எடுக்கப் போனோம். எமிலி அம்மாவும் வந்திருந்தார். மெலிந்த உடம்பு, கையில் எப்போதும் ஒரு மஞ்சள் பை. பியூலாவின் தோளில் ஒவ்வொரு சேலையாகப் போட்டுப் பார்த்து, "எம் மருமவளுக்கு எல்லாக் கலரும் எடுக்குது" என்று மனம் நிறைந்து சொன்னார். பிரியம் பொய்யில்லை. அது எனக்கு அப்போதே தெரியும்.

நான் பில் போடுகிற இடத்துக்குப் போயிருந்தபோது அது நடந்திருக்கிறது. பியூலா பிறகு என்னிடம் சொன்னாள்.

"மக்கா, ஒங்க வண்டியில பிட்ஸ் வந்தவங்களுக்கு ஒரு மருந்து குடுப்பியளே, அத வீட்டுல வச்சும் குடுத்துக்கிடலாமா?" என்று எமிலி அம்மா கேட்டிருக்கிறார், ஒரு சேலை முந்தானையை விரித்தபடியே.

"யாருக்கு அத்தே?"

"சும்மாதான் கேட்டேன். எங்க பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு."

"எத்தன வயசு?"

எமிலி அம்மா முழித்திருக்கிறார். பிறகு சேலையின் விலைச் சீட்டைப் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகும் அவரால் விட முடியவில்லை. "தூக்கத்துல வந்தா நாக்கக் கடிச்சிருதான். அப்ப என்ன செய்யணும்?"

வலிப்பு வந்தால் என்ன செய்யணும் என்று பியூலா சொல்லியிருக்கிறாள். ஒருக்களித்துப் படுக்க வைக்கணும், வாய்க்குள் எதையும் திணிக்கக் கூடாது, எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்க்கணும். எமிலி அம்மா ஒவ்வொன்றையும் வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாராம்.

இதைச் சொன்னபோது நாங்கள் ரதவீதி ஓரம் நின்றுகொண்டிருந்தோம். பியூலாவின் முகத்தில் அழுகை இல்லை. வண்டியில் ஒரு நோயாளியை ஏற்றும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"எக்கா, பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு இல்ல, மாப்பிள்ளைக்குத்தான். அவிய ஏன் எல்லாத்துக்கும் சரின்னாங்கன்னு இப்பத் தெரியுதா? மருமவளா கேக்கல. வீட்டோட ஒரு ஆம்புலன்ஸ் கேட்டிருக்காங்க."

ஸ்டேஷன் பெஞ்சு

அம்மாவிடம் சொல்லலாம் என்றேன். முதலில் ஐசக்கிடம் கேட்க வேண்டும் என்றாள் பியூலா. மறுநாள் அவனைப் போனில் அழைத்து ரயில் நிலையத்துக்கு வரச் சொன்னாள். எங்கள் ஸ்டேஷனில் நாளுக்குச் சில ரயில்கள்தான். மத்தியானத்தில் பிளாட்பாரத்து பெஞ்சுகளில் ஆளிருக்காது. துணைக்கு நானும் போய் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்தேன். காதில் விழாத மாதிரி இருந்தேன். எல்லாம் விழுந்தது.

ஐசக் கையில் ஹெல்மெட்டோடு வந்தான்.

"பைக்லயா வந்திய?" என்றாள் பியூலா.

"ஆமா."

"பிட்ஸ் வச்சுக்கிட்டு பைக் ஓட்டுதியளே, யாரு ஓட்டச் சொன்னா?"

அவன் அப்படியே உட்கார்ந்தான். பயந்தது போலவோ பிடிபட்டது போலவோ இல்லை. குழம்பிப்போயிருந்தான்.

"அம்மா சொல்லிட்டேன்னு சொன்னாங்களே. நீங்க ஒத்துக்கிட்டீங்கன்னும் சொன்னாங்களே."

"என்கிட்ட யாரும் சொல்லல."

தண்டவாளத்துக்கு அப்பால் ஓர் ஆடு கத்தியது. பிறகு ஐசக் சொன்னது எனக்கு இப்போதும் அப்படியே நினைவிருக்கிறது.

"ஒரு பொண்ணு எல்லாம் தெரிஞ்சும் சரின்னு சொல்லியிருக்காளேன்னு, அன்னைல இருந்து எனக்குத் தரையில கால் பாவல. டவர்ல நிக்கும்போதுகூட அதத்தான் நெனச்சுக்கிடுவேன். நம்பியிருக்கக் கூடாது."

பெண் பார்க்க வந்த அன்று அவன் ஏன் அப்படிச் சிரித்தான் என்று எனக்கு அப்போது புரிந்தது. எங்களுக்கு வந்தது போலவே அவனுக்கும் ஒன்று வந்திருக்கிறது. நாங்களாவது சந்தேகப்பட்டோம். அவன் முழுதாக நம்பிவிட்டான்.

பியூலா கேள்விகளை அடுக்கினாள். எப்போதிலிருந்து? காலேஜ் முடித்த பிறகு. டாக்டர்? ஆரம்பத்தில் மதுரையில் ஒருவர், பிறகு போகவில்லை. மாத்திரை? அம்மா கொடுத்தால் உண்டு. நடுவில் ஒரு ஜெப வீட்டில் நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தியது, திரும்ப வந்தது.

"கம்பெனிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா ஏற விட மாட்டாங்க. எனக்குத் தூக்கத்துல மட்டுந்தான் வரும்."

"தூக்கத்துல மட்டுந்தான் வருவேன்னு அது உங்ககிட்ட எழுதிக் குடுத்திருக்கா?" அவள் குரல் உயர்ந்தது. ஸ்டேஷன் வாசலில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. "அவ்வளவு ஒசரத்துல இருந்து விழுந்தா அள்ளுறதுக்கு நாங்கதான் வரணும். அள்ளியிருக்கேன். எனக்குத் தெரியும்."

கடைசியில் அவள் எழுந்தாள். "ஓலை வாசிக்க வேண்டாம்னு சொல்லிருதேன். நோய்க்காக இல்ல. மறைச்சதுக்காக. ஆனா நீங்க நாளைக்கு மேல ஏறாதிய. நல்ல நரம்பு டாக்டரப் பாருங்க. அத மட்டும் செய்யுங்க."

அவன் தலையாட்டினான். ஹெல்மெட்டை எடுத்தான். பிறகு யோசித்து, பைக்கை ஸ்டேஷன் வாசலிலேயே விட்டுவிட்டு பஸ் நிலையத்துக்கு நடந்தான்.

எமிலி அம்மா

மறுநாள் காலை எமிலி அம்மா தனியாக வந்தார். இதற்குள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அம்மா முகம் கொடுக்கவில்லை. அவர் நேராகப் பியூலாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் கண்ண மூடிட்டா அவனுக்கு யாரு இருக்கா மக்கா? ராத்திரி பூரா முழிச்சுக் கெடக்கேன், அவன் கட்டிலுச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு. நர்ஸ் புள்ளையாத் தேடினேன். நீ கெடச்ச. கடவுளே காட்டினாருன்னு நெனச்சேன்."

"கடவுள் காட்டும்போது என்கிட்ட சொல்லக் கூடாதுன்னுமா சொன்னாரு?"

எமிலி அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒங்க வீட்டுல ஒரு குண்டுமணி கேட்டேனா? ஒரு பாத்திரம் கேட்டேனா? எல்லாத்துக்கும் சரின்னுதான சொன்னேன்?"

"எங்கிட்ட நகை கேட்டிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது அத்தே" என்றாள் பியூலா. "கட்டிக்கிடுதியான்னு என்னயக் கேட்டிருக்கணும். விசயத்தச் சொல்லிட்டுக் கேட்டிருக்கணும்."

அவர் கையை விட்டுவிட்டார். அம்மா கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலே படியிறங்கினார். அந்த ஞாயிறு ஓலை வாசிக்கவில்லை.

யாருக்கும் சொல்லாதது

கல்யாணம் நின்ற காரணத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்று பியூலா எங்களைத் தடுத்துவிட்டாள். எனக்கு அது பொறுக்கவில்லை.

"பழி உன் மேல விழும்ட்டீ" என்றேன்.

"ரோட்டுல தூக்குத ஆளுகளோட சங்கதியவே நான் வெளிய சொல்லுததில்ல. அவரோட நோவ நாம எப்படி ஊருக்குச் சொல்ல?"

பழி விழுந்தது. ஒன்றுமே கேட்காத இடத்தை வேண்டாமென்றால் பெண்ணிடம்தான் ஏதோ இருக்கிறது என்று பேசினார்கள். எங்கள் சபையில் ஓர் அம்மாள், ஆம்புலன்ஸ் டிரைவரின் பெயரைச் சேர்த்தே சொன்னாள். அந்த டிரைவர் பேரன் பேத்தி எடுத்தவர். பியூலா வழக்கம்போல யூனிபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போய் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டும், எல்லோரும் உட்கார்ந்த பிறகு வந்து கடைசி வரிசையில் உட்காரத் தொடங்கினாள். அம்மா அந்த வருடம் உபதேசியாரிடம் பேசவே இல்லை.

ஐசக் மறுபடி வந்தது

ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். ஒரு சனிக்கிழமை முற்பகலில் கதவு தட்டும் சத்தம். ஐசக். தனியாக, பஸ்ஸில் வந்திருந்தான். பழத்தட்டு இல்லை, பூ இல்லை. கொஞ்சம் இளைத்திருந்தான்.

அம்மா கதவை முழுதாகத் திறக்காமல் நின்றாள். உள்ளேயிருந்து பியூலாதான், "வரச் சொல்லும்மா" என்றாள்.

அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். மனப்பாடம் செய்துகொண்டு வந்தவன் போலப் பேசினான்.

"காத்தாடி வேல போச்சு. நானே ஆபீசுல சொன்னேன். கொஞ்ச நாள் கீழ வச்சிருந்தாங்க, பெறகு அனுப்பிட்டாங்க. இப்ப மோட்டாருக்குக் காயில் கட்டப் படிச்சு, இங்கன திருவேங்கடம் ரோட்டுல இன்னொருத்தரோட சேந்து கட போட்டிருக்கேன். பழைய சம்பளத்துல பாதிகூட வராது. பைக் ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, ஓட்டுறதில்ல. திருநெல்வேலியில பாக்கேன். மாத்திர நானே எடுத்துப் போடுதேன். பிட்ஸ் வந்து பல மாசம் ஆச்சு. இனி வராதுன்னு சொல்ல முடியாது. எங்க அம்மாவுக்கு உங்க மேல இன்னும் கோவம் இருக்கு."

மூச்சு விட்டுக்கொண்டான்.

"இப்ப கேக்கேன். என்னயக் கட்டிக்கிடுதீங்களா?"

அடுப்பில் பால் பொங்கியது. யாரும் போய் இறக்கவில்லை.

"ஏன் என்னயக் கேக்கிய?" என்றாள் பியூலா. "ஆம்புலன்ஸ்காரின்னா?"

"இல்ல. எனக்கு இது வந்ததுல இருந்து எல்லாரும் குசுகுசுன்னுதான் பேசுவாங்க. எங்க அக்காகூட. அன்னைக்கு ஸ்டேஷன்ல நீங்க ஒருத்தர்தான் என் மூஞ்சியப் பாத்துச் சத்தம் போட்டீங்க."

போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னான். கல்யாணம் ஏன் நின்றது என்பதை உபதேசியாரிடமும் எங்கள் சபைப் போதகரிடமும் தானே போய்ச் சொல்லிவிட்டதாக. "உங்க பேர யாரும் தப்பாப் பேசக் கூடாதுல்லா" என்றான். இதை முதலில் சொல்லியிருந்தால் எங்களுக்கு மனம் இளகியிருக்கும். கேட்டு முடித்த பிறகுதான் சொன்னான்.

நான் அன்று எதையும் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட அதில் என்ன இருந்தது?

அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "தெரியாமக் குடுத்திருந்தா விதின்னு சொல்லிக்கிடலாம். தெரிஞ்சே எப்படிட்டீ குடுக்க?" என்று அழுதாள். பியூலா வாதாடவில்லை. டியூட்டி முடிந்து வரும் வழியில் சில நாட்கள் அந்தக் கடையில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவாள். ஒருமுறை அவனோடு திருநெல்வேலிக்குப் போய் டாக்டரிடம் தானே எல்லாம் கேட்டு வந்தாள். மழைக்காலம் வந்து போனது. ஒரு காலை, யூனிபார்மோடு அடுக்களையில் நின்று தோசை சாப்பிட்டுக்கொண்டே, "எம்மா, ஓலை வாசிக்கச் சொல்லிருங்க" என்றாள்.

கல்யாணம் எளிமையாக நடந்தது. எமிலி அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். யாரோடும் பேசவில்லை.

இதை எழுதட்டுமா என்று சில நாட்களுக்கு முன் ஐசக்கிடம் கேட்டேன். "தாராளமா எழுதுங்க அக்கா. மாத்திர பேர மட்டும் போடாதீங்க. படிச்சிட்டு அவங்களா வாங்கித் திம்பாங்க" என்றான். எமிலி அம்மாவையும் கேட்டேன். அவர் என்ன சொன்னார் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. கடைசியாக நடந்ததைச் சொன்னால் போதும்.

கடை வாசலில்

அவர்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருடம். மிக்சி மோட்டார் ஒன்றைக் கொடுப்பதற்காக ஐசக்கின் கடைக்குப் போயிருந்தேன். எமிலி அம்மாவும் ஊரிலிருந்து பை நிறைய முருங்கைக்காயோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னிடம் ஒன்றிரண்டு வார்த்தை பேசுகிற அளவுக்கு அப்போது இறங்கியிருந்தார். கடையில் வார்னிஷ் வாடை. ஐசக் ஒரு பம்பு மோட்டாரைத் திறந்து வைத்துச் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

கம்பிச் சுருள் கையிலிருந்து நழுவியது. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவன் சரிந்துவிட்டான்.

பியூலா எங்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தாள். அதன்படி செய்தேன். பக்கத்திலிருந்த இரும்புச் சாமான்களைத் தள்ளினேன். ஒருக்களிக்க வைத்து, தலைக்கடியில் என் கைப்பையை மடித்து வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன்.

அதற்குள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் தன் பைக் சாவியை அவன் கைக்குள் திணித்தார். ஒருவர் சோடா வாங்கி வரச் சொன்னார். பின்னாலிருந்து ஒரு குரல், "காலையிலயே குடிச்சிருக்கான் போல" என்றது.

எமிலி அம்மா எழுந்தார். ஒரு கணம் கதவைச் சாத்தப் போகிறார் என்றுதான் நினைத்தேன். இத்தனை வருடமும் அவர் செய்தது அதுதான். அவர் வாசலில் போய்க் கூட்டத்தைப் பார்த்து நின்றார். அந்த மெலிந்த உடம்புக்குள் அப்படி ஒரு சத்தம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"குடிக்கல. எம் மவனுக்குப் பிட்ஸ். வருசக்கணக்கா இருக்கு. சாவிய எடுவே கையில இருந்து! ஒண்ணும் குடுக்க வேண்டாம், ஒண்ணும் ஆகாது. தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்."

சாலை முழுக்கக் கேட்டிருக்கும். கூட்டம் பின்வாங்கியது.

கொஞ்ச நேரத்தில் வலிப்பு நின்றுவிட்டது. பியூலாவுக்குப் போன் போட்டேன். அவள் வண்டியில் எங்கோ போய்க்கொண்டிருந்தாள். சைரன் சத்தத்துக்கு மேலே, "எவ்வளவு நேரம்? நின்னுட்டா? மூச்சு ஒழுங்கா வருதா? அப்ப தூங்க விடு. முழிச்சதும் கூப்பிடு" என்றாள். ஐசக்கை உள்ளே பாயில் படுக்க வைத்தோம். ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

ஒரு பெண் மட்டும் போகவில்லை. கையில் தூக்குவாளி, தலையில் தறிப் பஞ்சு ஒட்டியிருந்தது. அங்குமிங்கும் பார்த்தாள். பிறகு எமிலி அம்மாவின் பக்கத்தில் வந்து, மெல்லிய குரலில் கேட்டாள்.

"எம் மவளுக்கும் இருக்கும்மா. யாருக்கும் தெரியாது. நீங்க எந்த டாக்டருட்ட காட்டுதிய?"

எமிலி அம்மா முருங்கைக்காய்ப் பையைத் தரையில் இறக்கிவைத்து, பெஞ்சில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.